ஆவியணை: தோசைக்கல்லில் உருளும் துளிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

மிகவும் காய்ந்த கல்லில் விழும் தண்ணீர்த் துளி உடனே வற்றாமல் உருண்டோடுவதை 'லைடன்ஃபிராஸ்ட் விளைவு' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு நான் இந்த இழையைத் தொடங்கி ஒன்பது நாளாகிறது. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் கட்டுரை ஒன்றில் அந்த இடத்தை மட்டும் வெற்றாக விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் மடல்களை எல்லாம் ஒருமுறை படித்துவிட்டு, நேற்றுக் காலை நேராக அடுப்படிக்குப் போனேன். பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவதுதான் முறை என்று பட்டது.

வீட்டில் இருக்கும் பழைய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி அடுப்பில் வைத்தேன். கல் சற்றுச் சூடேறியதும் ஒரு துளி விட்டேன். பரந்து, ஓரத்தில் சிறு குமிழ்கள் கட்டி, மெல்ல வற்றியது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த துளி. 'சுர்' என்ற சத்தத்தோடு இரண்டே நொடியில் காணாமல் போனது. கல் காய்ந்துவிட்டது, மாவை ஊற்றலாம் என்று நம் வீடுகளில் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். நான் ஊற்றவில்லை, தீயைக் குறைக்காமல் காத்திருந்தேன். அப்புறம் விட்ட துளியில் சத்தமே இல்லை. பளபளவென்று உருண்டையாகத் திரண்டது. கல்லின் மேல் இங்கும் அங்கும் வழுக்கி ஓடியது, நடுங்கியது, சுற்றியது, சிறுத்துக்கொண்டே போனது. கைபேசியில் நேரம் பார்த்தேன். 52 நொடி உயிரோடு இருந்தது!

எட்டிப் பார்த்த அம்மா, "கல்லு ரொம்பக் காஞ்சு போச்சுடா, தண்ணி முத்து முத்தா ஓடுது பாரு. இப்ப மாவு ஊத்தினா கரண்டியோட சுருண்டுக்கிட்டு வரும்" என்று சொல்லி அடுப்பைக் குறைத்தார்.

சூடு ஏற ஏறத் துளி சீக்கிரம் மறைய வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அது தலைகீழாகிவிடுகிறது. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும், ஆனாலும் சொல் அமைய வேண்டியது இந்தக் காரணத்தின் மேல்தான் என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வழவழப்பான உலோகத்தில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசை ஒட்டி, துளி கல்லைத் தொட வரும்போதே அதன் அடிப்பகுதி ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி துளிக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் நீரோடு ஒப்பிட்டால் நீராவி வெப்பத்தைக் கடத்துவது 20 மடங்குக்கும் மேல் குறைவு. ஆகவே கல்லின் சூடு துளிக்குள் ஏற முடியாமல் திணறுகிறது. ஓரங்களில் ஆவி கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். கசிந்த அளவுக்குத் துளி தன் அடியிலிருந்து புதிதாக ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். தன் உடம்பைக் கரைத்துத் தனக்கே படுக்கை போட்டுக்கொள்கிறது. எனக்கு இதில் மனத்தைப் பிடித்த இடம் இதுதான்.

சரி, இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாமே. ராமன் விளைவை யாரும் மாற்றிச் சொல்வதில்லையே.

ஐயா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ராமன் விளைவை யாரும் காலை ஏழு மணிக்கு அடுப்படியில் பார்ப்பதில்லை. இதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறார்கள். கண்ணெதிரே ஓடும் துளிக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றைக் கொடுத்தால், பாடத்தில் படித்தது வேறு, வீட்டில் பார்த்தது வேறு என்று பிள்ளை எண்ணிவிடும். இன்னொன்றும் உண்டு. யோஹான் காட்லோப் லைடன்ஃபிராஸ்ட் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் துளி விட்டு, ஊசலை ஆடவிட்டு நேரம் கணக்கிட்டு, 1756-இல் இலத்தீனில் எழுதினார். அவருக்கு முன்பே 1732-இல் நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் போயர்ஹாவ இதைக் கவனித்துப் பதிந்திருக்கிறார். லைடன்ஃபிராஸ்ட் இதைப் பற்றி எழுதிய பகுதி ஆங்கிலத்தில் வந்ததே 1966-இல்தான். அவர் பெயரைக் கட்டுரையில் கட்டாயம் சொல்வேன், அந்தக் கரண்டியையும் சொல்வேன். நிகழ்வின் பெயர் மட்டும் தமிழில் இருக்கட்டும்.

> முத்துருளல் என்று சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரியும்.

அக்கா, அழகான சொல். அம்மாவும் 'முத்து முத்தா' என்றுதான் சொன்னார் என்பதால் நேற்று இரவு வரை என் மனம் இதன் பக்கம்தான் இருந்தது. தடுத்தது தாமரை இலை. அங்கும் தண்ணீர் முத்தாகத்தான் உருளும். ஆனால் அதற்குச் சூடும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். இலையின் மேல் உள்ள நுண்மேடுகளும் மெழுகும் செய்கிற வேலை அது. இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் படிக்கிறவர் குழம்புவார். கண்ணுக்குத் தெரிவது ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு.

> ஆவிமிதப்பு?

ஒலி நன்றாக இருக்கிறது. ஆனால் பாடநூல்களில் 'மிதப்பு விசை' ஏற்கெனவே இருக்கிறது. கப்பல் மிதப்பதற்குக் காரணம், அது விலக்கும் நீரின் எடை. இங்கே அந்தக் கணக்கே இல்லை. ஓரத்தை நோக்கிப் பிதுங்கி ஓடும் ஆவியின் அழுத்தம்தான் துளியைத் தூக்கி நிறுத்துகிறது. ஒரு பிள்ளை ஆர்க்கிமிடீசை இங்கே கொண்டுவந்துவிட்டால் அது நம் சொல்லின் குற்றம்.

> நீராவி மெத்தை.

கருத்து சரியாக இருக்கிறது. 'நீராவி' என்பதுதான் இடறுகிறது. திரவ நைட்ரஜனைத் தரையில் ஊற்றினால் அதுவும் துளித்துளியாகச் சிதறி ஓடும். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி என்பதால் நம் அறையின் தரையே அதற்குக் காய்ந்த தோசைக்கல். அங்கே நீருக்கு இடமில்லை. ஆகவே 'ஆவி' என்று பொதுவாக நிறுத்துவதே நல்லது.

இங்கிருந்துதான் 'ஆவியணை' என்ற சொல்லுக்கு வந்தேன். தலையணை நாம் தினமும் சொல்வது. பஞ்சணை, மலரணை என்பவை பழைய சொற்கள். பஞ்சால் ஆன அணை பஞ்சணை என்றால் ஆவியால் ஆன அணை ஆவியணை. 'மெத்தை'யைவிடச் சிறிய சொல், முன்னும் பின்னும் வேறு சொல்லோடு எளிதாக ஒட்டும்.

அணை என்றால் மேட்டூர் அணை நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். வரட்டுமே! அணை தண்ணீரை மறிக்கிறது, இது வெப்பத்தை மறிக்கிறது. தாங்குவது, மறிப்பது என்ற இரண்டு வேலையையும் ஆவி இங்கே செய்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே சொல் தமிழில் தயாராக இருக்கிறது. நான் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். 'ஆவியணைப்பு' என்று நீட்டிவிடக் கூடாது. தீயணைப்பு நினைவுக்கு வந்து ஆவியை அணைப்பது என்ற பொருள் ஏறிவிடும்.

கிளைச் சொற்கள்: நிகழ்வு 'ஆவியணை விளைவு'. அது தொடங்கும் வெப்பநிலை, கொதிநிலை உறைநிலையின் வழியில், 'ஆவியணைநிலை'. பரப்பு முழுவதும் ஆவிப்படலத்தால் மூடியபடி திரவம் கொதிப்பதற்குப் 'படலக் கொதிப்பு', குமிழ் குமிழாகக் கொதிப்பதற்குக் 'குமிழ்க் கொதிப்பு'. இவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை.

சொல் நிற்குமா என்று பார்க்கச் சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். முதலில் கொல்லுப்பட்டறை. சிவக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால், முதலில் அதைச் சுற்றி ஆவியணை மூடிக்கொள்கிறது. அதனால் இரும்பு எதிர்பார்த்த வேகத்தில் குளிர்வதில்லை. அணை உடைந்த பிறகுதான் கொதிப்பு மூர்க்கமாகி இரும்பு விரைவாகக் குளிர்கிறது. முக்கும்போது இரும்பை ஆட்டிக்கொண்டே இருப்பதும், உப்பு நீரில் முக்குவதும் அணையைச் சீக்கிரம் உடைக்கத்தான். 'அணை உடைந்த பிறகு' என்று எழுதியபோது வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

அடுத்து அண்மைக்கால ஆய்வுகள். 2006-இல், ரம்பப் பல் போல வரி வெட்டிய சூடான உலோகத்தில் துளிகள் ஒரே திசையில் தாமாக ஓடுவதையும் சரிவில் மேலே ஏறுவதையும் காட்டினார்கள். அங்கே ஆவியணையிலிருந்து கசியும் ஆவியின் திசைதான் துளியை இழுத்துப் போகிறது. 2018-இல் பிரான்சில், வரியே இல்லாத சமதளத்திலும் சிறிய துளிகள் தமக்குள் சக்கரம் போலச் சுழன்றபடி தாமே புறப்பட்டு ஓடுவதைக் கண்டார்கள். என் கல்லில் நேற்று ஓடிய துளியிலும் அந்தச் சுழற்சி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது சிலிர்க்கிறது.

2022-இல் அமெரிக்காவின் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தார் துளிக்குப் பதில் பனிக்கட்டியை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பரப்பில் தண்ணீருக்கு 150 டிகிரியிலேயே ஆவியணை உருவானது. பனிக்கட்டிக்கு 550 டிகிரி வரை போக வேண்டியிருந்தது. பனிக்கட்டிக்கு அடியில் உருகிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். அதன் ஒரு முகம் பனியைத் தொட்டு 0 டிகிரியில், மறுமுகம் 100 டிகிரியில். வந்த வெப்பத்தில் பெரும்பகுதி அந்த நீரைக் கடந்து பனியை உருக்கவே போய்விடுகிறது, ஆவியாக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். 'பனிக்கட்டியின் ஆவியணைநிலை மிக உயரம்' என்று ஒரே வரியில் இதைச் சொல்ல முடிகிறது.

ஒரே ஒரு இடம் எனக்கு இன்னும் தீரவில்லை. திரவ நைட்ரஜன் குளத்தின் மேல் சாதாரண வெப்பநிலையில் உள்ள துளியை விட்டால் அதுவும் கொஞ்ச நேரம் தாங்கப்பட்டு வழுக்கி ஓடும். இங்கே ஆவி துளியிலிருந்து வருவதில்லை, குளத்திலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் இதைத் தலைகீழ் விளைவு என்கிறார்கள். நம் சொல் யாருடைய ஆவி என்று சொல்லாததால் 'ஆவியணை' இதற்கும் பொருந்துகிறது. ஆனால் வேறுபடுத்த ஓர் அடைமொழி வேண்டும். 'துளியாவியணை', 'குளத்தாவியணை' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. 'தன்னாவியணை', 'பிறவாவியணை' சற்றுப் பரவாயில்லை. ஆனால் இரண்டாவதைப் 'பிறவா' என்று பிரித்துப் படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. இதற்கு நல்ல அடைமொழி யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்