மறு: ஃபர்ஸ்ட் கிராக்: "வெடிப்பு" வேண்டாம், "பொரிவு"ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு நாளா ஓடிட்டிருக்கிற இழையை இப்பதான் முழுசா படிச்சேன். வீட்டுல காப்பிக்கொட்டை வறுக்கிற கையேட்டுக்கு உருளை, துடுப்பு, ஆறவைக்கிற தட்டுன்னு பாகங்களுக்கெல்லாம் சொல் சுலபமா அமைஞ்சிடுச்சு, ஃபர்ஸ்ட் கிராக்குல, அதாவது வறுக்கும்போது கொட்டை முதல் தடவை படபடன்னு சத்தம் போடுற கட்டத்துல, வந்து நின்னுட்டோம். இதுவரைக்கும் வந்தது:

> முதல் விரிசல்
> முதல் வெடிப்பு
> ஃபர்ஸ்ட் கிராக்னே விட்டுடலாம்

மூணுமே எனக்கு ஒப்பலை. ஏன்னு சொல்ல என் வறுக்கிற சாமான் கதையைக் கொஞ்சம் சொல்லணும், அதுல இருந்துதான் எனக்கு இந்தச் சொல் கிடைச்சது.

முதல்ல வாங்கினது 1200 வாட் சூடான காத்துல பொரிக்கிற பாப்கார்ன் மெஷின். ஒரு ஈடு 80 கிராம். (வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, காத்து பக்கவாட்டு வெட்டு வழியா சுழன்று வரணும், அடியில வலை வச்ச மாடல்ல சொங்கு (வறுக்கும்போது கொட்டையில இருந்து உரியுற மெல்லிய தோல்) கீழ இறங்கி காயில்ல பட்டு தீப்பிடிச்சிடும். இங்கிலீஷ்ல சாஃப்னு சொல்ற இதுக்குக் கையேட்டுல "சொங்கு"ன்னே போட்டுடுங்க, கம்பு சோளம் புடைச்ச வீட்டுல யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.) அதுல விசிறிக்கும் காயிலுக்கும் ஒரே சர்க்யூட், விசிறி மோட்டார் சின்ன டிசி மோட்டார், அதுக்குப் போற கரண்டே காயில் வழியாத்தான் போகுது, அதனால சூட்டைக் குறைச்சா காத்தும் குறையும், கொட்டை சுத்தாம ஒரே இடத்துல கருகும். எலக்ட்ரீசியன் ஒருத்தரை வச்சு ரெண்டையும் பிரிச்சு, விசிறிக்குத் தனி அடாப்டரும் காயிலுக்கு அந்த லோடு தாங்குற டிம்மரும் போட்டேன். சூடு கைக்குள்ள வந்துடுச்சு. ஆனா விசிறி சத்தத்துல கொட்டை பொரியுற சத்தம் காதுல விழலை. நாலரை நிமிஷத்துல கரிக்கட்டை. ஏற்காட்டுல இருந்து ஆசையா வாங்கிட்டு வந்த அரபிகா, மூணு ஈடு அப்படியே குப்பைக்குப் போச்சு, இன்னமும் மனசு ஆறலை.

அதுக்கப்புறம்தான் பாட்டி வீட்டுப் பரண்ல கிடந்த இரும்பு உருளையை இறக்கினேன், கும்முட்டி அடுப்பு மேல வச்சு கையால சுத்துறது, எங்க அம்மா சின்ன வயசுல சுத்தினது. லேத்துக்காரர் ஒரு பக்கத்து அச்சை நடுவுல துளை போட்டுக் குழாய் மாதிரி ஆக்கிக் கொடுத்தார், அது வழியா கே டைப் தெர்மோகப்பிள், அதாவது சூடு அளக்குற கம்பி, உள்ள போகுது, உருளை சுத்தும், கம்பி சுத்தாது. கைப்பிடி இருந்த பக்கம் 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டார். அது கரகரன்னு கத்தினதால அடியில பழைய சைக்கிள் ட்யூபை மடிச்சு வச்சேன். அதாவது நான் செஞ்ச மாத்தம் பாதி சூட்டுக்காக, மீதிப் பாதி காதுக்காக. தெர்மோமீட்டர் இருக்கும்போது காது எதுக்குன்னு கேக்கலாம். கொட்டை 196 டிகிரி பக்கம் வரும்போது ஃபர்ஸ்ட் கிராக்னு எழுதியிருக்காங்க, என் உருளையில 188 காட்டும்போதே வந்துடுது, கம்பி எங்க நிக்குது எவ்ளோ தடிமன்னு பொறுத்து எண் மாறும். சத்தம் மாறாது.

இப்ப சொல்லுக்கு வரேன்.

"விரிசல்" கண்ணுக்குத் தெரியுறது, சுவத்துல வரும், பானையில வரும். காதுல விழாது. "வெடிப்பு"ன்னதும் எனக்குப் பித்தவெடிப்பும் வயல் வெடிப்பும்தான் வருது, அதுவும் போக கேஸ் அடுப்பு வச்சு வேலை செய்யுற கையேட்டுல "வெடிப்பு ஏற்பட்டதும் தீயைக் குறைக்கவும்"னு எழுதினா புதுசா படிக்கிறவர் வீட்டை விட்டே ஓடிடுவார்.

நம்ம அடுப்படியில இதுக்கு வார்த்தை ஏற்கனவே இருக்கு. தாளிக்கும்போது "கடுகு பொரிஞ்சிடுச்சா பாரு"ன்னு சொல்றோம், பார்க்கிறது கண்ணால இல்ல, காதால. முதல்ல ஒண்ணு "பட்", அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் படபடன்னு. காப்பிக்கொட்டையும் அச்சு அசல் அப்படித்தான். கார்த்திகைக்கு நெல் பொரிப்போமே, அதுல உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி முட்டித்தான் நெல் மலருது. பச்சைக் கொட்டையிலயும் 10-12 சதவீதம் ஈரம் இருக்கு, ஆவியும் கரியமில வாயுவும் உள்ள இருந்து அழுத்தித்தான் அந்தச் சத்தம், அதே நேரத்துல கொட்டை உப்பி நடுக்கீறல் விரியுது. சத்தம், காரணம், உப்பல் மூணையும் ஒரே வார்த்தை பிடிக்குது. அதனால பொரிவு. பொரிச்ச கோழியோட குழம்புமேன்னு அக்கா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, அது "பொரியல், பொரித்த"ன்னுதான் வரும், "பொரிவு"ங்கிற வடிவம் புழக்கத்துல காலியாத்தான் இருக்கு.

இன்னும் வறுத்தா அடுத்து வர்ற சத்தம்தான் செகண்ட் கிராக், அதுக்கு "இரண்டாம் பொரிவு" வேண்டாம்னு நினைக்கிறேன். ரெண்டும் வேற வேற சத்தம், வேற வேற காரணம். 225 டிகிரி தாண்டினதும் கொட்டையோட நார்க்கட்டே உடையுது, காஞ்ச சுள்ளியை மிதிச்ச மாதிரி சன்னமா, வேகமா, சடசடன்னு கேக்கும், கொஞ்ச நேரத்துல மேல எண்ணெய் கசியும். அதுக்கு முறிவுன்னு வைக்கலாம். இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைக்கு நம்பர் போட்டுப் பிரிச்சிருக்காங்க, நமக்கு ரெண்டு வார்த்தை இருக்கும்போது நம்பர் எதுக்கு?

வாக்கியத்துல வச்சுப் பாருங்க: "8வது நிமிஷம் பொரிவு தொடங்கியது, 10வது நிமிஷம் முறிவுக்கு முன்னாடியே இறக்கினேன், 250 கிராம் 212 ஆச்சு." நேத்து வறுத்த ஈட்டுக்கு என் நோட்டுல எழுதினதே இதுதான், எழுதும்போது எங்கயும் தட்டலை.

டெவலப்மென்ட் டைமுக்கு "வளர்ச்சி நேரம்"னு ஒருத்தர் போட்டிருந்தார், கொட்டை செடியில வளர்ற மாதிரி இருக்கு. பொரிவு தொடங்கினதுல இருந்து இறக்குற வரைக்கும் உள்ள நேரம்தானே அது, "பொரிவுக்குப்பின்"னு ஒரு பத்தி தலைப்பு போட்டா போதும், மேல சொன்ன ஈட்டுல பொரிவுக்குப்பின் 2 நிமிஷம், மொத்தத்துல 20 சதவீதம்.

காப்பிக்கொட்டை வறுத்து அரைச்சு விக்கிற கடையில வேலை பார்த்தவங்க, இல்ல தாண்டிக்குடி, ஏற்காடு பக்கம் தோட்டத்து வீட்டுல வளர்ந்தவங்க யாராவது குழுவுல இருந்தா, அங்க இந்தச் சத்தத்துக்கு என்ன சொல்வாங்கன்னு கேட்டு எழுதுங்க. அங்க ஒரு சொல் இருந்துச்சுன்னா என்னோடதை நான் எடுத்துக்கறேன், அதையே போட்டுடலாம்.