சுவர்த்தலைச் சந்தில் தீயை நிறுத்தும் வேலை: சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்:

அனைவருக்கும் வணக்கம்.

உலோகச் சட்டமிட்டு ஜிப்சம் போர்டு அடிக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பயிற்றுநர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். படங்களிலும் அதே சொற்கள்தான் வரும்.

சுவரின் மேல்விளிம்புக்கும் மேலே உள்ள கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 25 மி.மீ. இடம் விடுகிறார்கள். அதில் கம்பளி திணித்து, மேலே ஒரு பசையை அடித்து, தீயும் புகையும் அடுத்த அறைக்குப் போகாமல் நிறுத்துகிறார்கள். இந்த வேலைக்கு ஒரு சொல், அந்த இடத்துக்கு ஒரு சொல், அந்தப் பசைக்கு ஒரு சொல் வேண்டும். முந்தைய வரைவில் "தீத்தடுப்பு மூட்டு அடைப்பான்" என்றும், கம்பளிக்குக் "கல்நார்ப் பஞ்சு" என்றும் இருக்கிறது. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

புலவர், தஞ்சாவூர்:

அம்மா, முதலில் மூட்டை அவிழ்ப்போம். "மூட்டு" பொருத்து என்ற பொருளில் நல்ல தமிழ்தான். ஆனால் "தீ"யை அருகில் வைத்தால் அது வினையாகிவிடும். தீ மூட்டுதல் என்றால் பற்றவைத்தல். "தீ மூட்டு அடைப்பு" என்று பயிற்றுநர் படித்தால் கேட்பவர் முதலில் அடுப்பைத்தான் நினைப்பார். ஆகவே "மூட்டு" வேண்டாம். "சந்து" போதும். எல்லாருக்கும் தெரிந்த சொல், இரண்டு பொருள்கள் கூடும் இடுக்கையும் அது குறிக்கும்.

"தீத்தடுப்பு" என்பது தீ உண்டாகாமல் பார்த்துக்கொள்வது. இங்கே தீ ஏற்கெனவே எரிகிறது, ஓர் அறையோடு அதை அடைத்து வைக்கிறோம். எனவே "தீயடைப்பு". ஈகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வருவது நன்னூல் விதி. "தீயெச்சம் போலத் தெறும்" என்று வள்ளுவரே அந்தப் புணர்ச்சிக்கு வழி காட்டியிருக்கிறார். சுவரின் மேல்விளிம்பு "சுவர்த்தலை". ஆக, "சுவர்த்தலைத் தீயடைப்பு".

பாலிடெக்னிக் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

புலவர் ஐயா, "தீ"க்குத் தீமை என்ற பொருளும் உண்டே. தீவினை, தீநட்பு போலத் "தீயடைப்பு" என்பதைக் கெட்ட அடைப்பு என்றும் படிக்கலாம். வேலை பிசகிய அடைப்பைக் குறிக்கத்தான் அது பொருந்தும். "எரியடைப்பு" அல்லது "அனலடைப்பு" என்று வைத்தால் இந்த மயக்கம் இராது.

"கல்நார்ப் பஞ்சு" கட்டாயம் நீக்கப்பட வேண்டும். கல்நார் என்றால் அஸ்பெஸ்டாஸ், நுரையீரலைக் கெடுக்கும் பொருள். இது வேறு. பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி. "பாறைக்கம்பளி" என்று எழுதுங்கள். கல்நார் என்று படித்துவிட்டு ஒருவர் வேலையையே மறுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தளமேற்பார்வையாளர், சிங்கப்பூர்:

நம் ஆட்கள் ராக்வூல் என்றுதான் சொல்கிறார்கள். பாறைக்கம்பளி புரியும், ஆனால் முதல் முறை வரும்போது பக்கத்தில் ராக்வூல் என்றும் போடுங்கள். கண்ணாடிக் கம்பளியும் கடையில் கிடைக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடிக் கம்பளி 700 டிகிரி செல்சியசுக்குள் இளகித் தளர்ந்துவிடும். சுவர் தீயைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை உலையோ ஒரு மணி நேரத்தில் 927 டிகிரிக்கும், இரண்டு மணி நேரத்தில் 1010 டிகிரிக்கும் போகிறது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

"தீயடைப்பு" பற்றி என் கவலை வேறு. காதால் கேட்டால் "தீயணைப்பு" மாதிரியே இருக்கிறது. ட-வுக்கும் ண-வுக்கும் உள்ள வேறுபாடு ட்ரில் ஓடும் சத்தத்தில் தெரியாது. தீயணைப்பு என்றதும் ஆட்கள் சிலிண்டரைத் தேடுவார்கள். "நெருப்படைப்பு" என்று வைத்தால் என்ன?

புலவர், தஞ்சாவூர்:

தீமை என்ற ஐயத்துக்கு முதலில் விடை. "தீயவை தீயினும் அஞ்சப் படும்" என்று ஒரே அடியில் இரண்டையும் வைத்தவர் வள்ளுவர். படித்தவர் யாரும் குழம்பவில்லை, இடம் பொருளைக் காட்டிவிடும்.

"நெருப்படைப்பு" சொல்லாகச் சரி. கண்ணுக்கு மட்டும் அது "நெருப் + படைப்பு" என்று பிரிந்து நிற்கும், நெருப்பைப் படைப்பது போல. வாய்மொழியில் இந்தக் குறை தெரியாது, அச்சில் தெரியும். மேற்பார்வையாளர் தம்பி சொன்ன செவிமயக்கம் மட்டும் உண்மையான தடை. அதற்கு என்னிடம் உடனடி விடை இல்லை.

தொகை இலக்கணத்தையும் பாருங்கள். மாரடைப்பில் மார் அடைபடுகிறது. கடையடைப்பில் கடையை அடைக்கிறோம். தீயடைப்பில் தீயை அடைக்கிறோம், இரண்டாம் வேற்றுமைத் தொகை. "தீயால் ஏற்பட்ட அடைப்பு" என்று யாராவது மூன்றாம் வேற்றுமையாக விரித்தால் அது அவர் விரிவு, சொல்லின் குற்றமன்று.

படகுத் தொழில் ஆய்வாளர், நாகப்பட்டினம்:

பெரியோர்களே, நம் கடற்கரையில் இதற்கு ஒரு தொழிற்சொல் இருக்கும்போது புதிதாக ஏன் படைக்க வேண்டும்? மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சோ சணலோ திணித்து, மேலே பிசின் பூசி, நீர் புகாமல் செய்வது "கலப்பத்து". திணிப்பு, மேற்பூச்சு, பலகையின் அசைவுக்கு இடம் கொடுத்தல் மூன்றும் உங்கள் சுவர்த்தலையிலும் அப்படியே இருக்கின்றன. அங்கே தண்ணீர், இங்கே தீ. "தீக்கலப்பத்து" என்று வையுங்கள்.

"கலப்பற்று" என்ற வடிவமும் உண்டு. கலம் + பற்று, கலத்தைப் பற்றி நிற்பது என்று பிரித்தால் தூய தமிழாகவே நிற்கிறது.

பாலிடெக்னிக் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

அப்படிப் பிரிக்க முடியாது, ஐயா. அது போர்த்துக்கேயரின் "கலஃபாத்தே" என்ற சொல்லிலிருந்து வந்தது. "கலப்பற்று" பிற்பாடு தமிழ்ப்படுத்திய எழுத்து. கடன் சொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. அலுமாரி, சாவி, மேசை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் படகுத்துறைக்கு வெளியே இன்று அதை அறிந்தவர் குறைவு. புதுக்கோட்டையிலிருந்து வரும் இளைஞர் ஒருவருக்குக் கலப்பத்தும் புதிது, அந்தப் பசையின் ஆங்கிலப் பெயரான சீலன்டும் புதிது. இரண்டில் சீலன்டைத்தான் அவர் தினமும் கேட்பார்.

தீயடைப்புப் பொறியாளர், துபாய்:

சொல்லைத் தேர்வதற்கு முன் பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். இங்கே சொல் தவறினால் வேலையும் தவறும்.

25 மி.மீ. ஏன் விடுகிறோம்? மேல்தளம் அசையும். தாங்கிகளுக்கு நடுவே 8 மீட்டர் பாயும் தளத்துக்கு, அந்த நீளத்தில் 360-இல் ஒரு பங்கு தொய்வு அனுமதி என்றால் 22 மி.மீ. வரும். சுவரைத் தளத்தோடு முட்டக் கட்டினால் அந்தப் பாரம் போர்டில் இறங்கும், போர்டு வெடிக்கும், உள்ளே நிற்கும் ஸ்டட் என்ற உலோகச் சட்டம் வளையும். அதனால்தான் ஸ்டட்டையும் போர்டையும் குட்டையாக வெட்டுகிறோம், தளத்தின் அடியில் பொருத்திய டாப் ட்ராக் என்ற மேல்சட்டத்தின் தொங்கும் கால் நீளமாக இருக்கிறது, ஸ்டட் அதற்குள் வழுக்கி ஏறி இறங்குகிறது. யூஎல் 2079 என்ற அமெரிக்கத் தீச்சோதனையில் தீ மூட்டுவதற்கு முன்பே சந்தைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். காற்றசைவு வகுப்பில் நிமிடத்துக்கு 10 வீதம் 500 முறை. அதில் கிழியாததுதான் உலைக்குப் போகும். சான்றிதழ் எண்ணில் எச்டபிள்யூ-டி என்று தொடங்கினால் அசையும் சுவர்த்தலை, எச்டபிள்யூ-எஸ் என்றால் அசையாதது.

இப்போது "அடைப்பு" என்ற சொல்லைப் பாருங்கள். ஓட்டையை அடை என்றால் நம் ஆள் கலவையை எடுத்து இறுக அடைப்பான். சிமெண்டோ, போர்டு இணைப்புகளில் பூசும் ஜாயிண்டிங் காம்பவுண்டோ வைத்து வழவழப்பாக முடிப்பான். வேலை கண்ணுக்கு அழகாக இருக்கும், முதல் அசைவிலேயே மயிரிழை போல வெடிக்கும், புகை அதில் போகும். வேலையிடங்களில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். அடுத்தது, போர்டின் மேல் வரிசை ஸ்க்ரூவை டாப் ட்ராக்கிலேயே ஏற்றிவிடுவது. அப்போது போர்டு ட்ராக்கோடு பிணைந்துவிடும், அசைவே இராது. ஸ்க்ரூ ட்ராக்கின் காலுக்குக் கீழே, ஸ்டட்டில் மட்டும்தான் ஏற வேண்டும்.

எனவே என் பரிந்துரை "தீ நெகிழடைப்பு". நெகிழ்ச்சி பெயரிலேயே இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்:

பொறியாளர் ஐயா, மிக்க நன்றி. செய்முறைப் பத்தியையும் சரிபார்த்துத் தர முடியுமா? "உப்பும் பசை" என்று ஓரிடத்தில் இருக்கிறது, அது சரியா?

தீயடைப்புப் பொறியாளர், துபாய்:

"உப்பும்" வேண்டாம். சுவர்த்தலையில் தெளிக்கும் பசை பெரும்பாலும் ரப்பர்போல நீளும் அக்ரிலிக், அது சூட்டில் உப்பாது. உப்பும் பொருள் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி வைப்பது. குழாய் உருகி ஓட்டை விழும், அதை நிரப்ப ஏதாவது பெருக வேண்டும். ட்ராக்கில் முன்கூட்டியே ஒட்டி வரும் பட்டைகளும் உப்பும். அவற்றுக்குத் தனிச் சொல் வையுங்கள். "உப்பு" சமையலை நினைவூட்டினால் "புடைக்கும் பட்டை" என்று எழுதலாம்.

செய்முறை இது. சந்து 25 மி.மீ. என்றால் கம்பளியை 37 அல்லது 38 மி.மீ. தடிமனுக்கு வெட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அமுங்கி உள்ளே போனால்தான், தளம் மேலேறிச் சந்து விரியும்போதும் அது விடாமல் பிடித்து நிற்கும். 25 மி.மீ. வெட்டி வைத்தால் பொருந்துவதுபோல் தோன்றும், பிறகு நழுவும். அடர்த்தி கனமீட்டருக்கு 64 கிலோ. ஒரு துண்டின் முனை அடுத்ததோடு நெருங்கி முட்ட வேண்டும், நடுவே ஒளி தெரியக் கூடாது. பள்ளமும் மேடுமாக வரும் டெக் ஷீட் தளம் என்றால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதன் வடிவில் சற்றுப் பெரிதாக வெட்டிய கம்பளித் துண்டு தனியாக வேண்டும். அதை விட்டுவிட்டு நேர்ச்சந்தை மட்டும் முடிப்பவர்கள் உண்டு.

பிறகு பசை. ஈரத்தில் 3 மி.மீ. தடிமன், தளத்தின் மேல் 12 மி.மீ., போர்டின் மேல் 12 மி.மீ. ஏறிப் பிடிக்க வேண்டும். ஆகப் பட்டை 49 மி.மீ. அகலம். ஒரு மீட்டருக்கு 150 மில்லிலிட்டர் செலவாகும். 19 லிட்டர் வாளி கணக்குப்படி 125 மீட்டருக்குச் சற்று மேல் வரும், சிந்துவதைக் கழித்து 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், எனவே சுவர் நீளத்தை இரண்டால் பெருக்குங்கள். ஒரு வாளி 200 மீட்டர் ஓடியது என்று யாராவது சொன்னால் தடிமன் 2 மி.மீ.-ஐத் தாண்டியிராது. அங்கே ஈரப் பூச்சின் தடிமனை அளக்கும் மானியைக் குத்திப் பாருங்கள்.

தளத்தின் அடிப்பக்கத்தில் தூசி, கான்கிரீட் வார்க்கும் அச்சில் தடவிய எண்ணெய், ஈரம் இருந்தால் பசை ஒட்டாது. தூரிகையால் தேய்த்துத் துடைத்த பிறகே அடிக்க வேண்டும். காய்ந்ததும் அதன் மேல் டேப் ஒட்டிப் பட்டி பார்க்கக் கூடாது. இந்த எண்கள் எல்லாம் ஒரு வகை அமைப்புக்குரியவை. வேலையிடத்தில் ஒட்டியிருக்கும் சான்றிதழ்ப் படம் வேறு சொன்னால் படம்தான் சரி.

புலவர், தஞ்சாவூர்:

பொறியாளர் சொன்ன காரணம் வலுவானது. ஆனால் "நெகிழடைப்பு" வினைத்தொகை. நெகிழ்ந்த அடைப்பு, நெகிழ்கின்ற அடைப்பு, நெகிழும் அடைப்பு என மூன்று காலத்துக்கும் விரியும். நெகிழ்ந்த அடைப்பு என்றால் தளர்ந்துபோன அடைப்பு, தோற்றுப்போன அடைப்பு என்றாகிவிடும். ஆடை நெகிழ்ந்தது, வளை நெகிழ்ந்தது என்று அகப்பாடல்களில் வருவதெல்லாம் கழன்று விழுவதைத்தானே சொல்கின்றன? "இசைவு" என்று பாருங்கள். "தீயிசைவடைப்பு".

தளமேற்பார்வையாளர், சிங்கப்பூர்:

மன்னிக்கவும் ஐயா, தீயிசைவடைப்பை என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஏணி மேல் நிற்பவருக்குக் கீழிருந்து கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது.

பாலிடெக்னிக் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

பசைக்கு மட்டும் ஒன்று. சீலன்டில் உள்ள "சீல்" என்பதற்கு முத்திரை என்ற பொருளைத் தொட்டு "முத்திரைப்பசை" என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அது தபால் தலைக்கு. "அடைபசை" போதும். சுருக்கம், பொருள் தெளிவு இரண்டும் உண்டு. "எரியடைப்பு" என்ற என் பரிந்துரையை விலக்கிக்கொள்கிறேன். எரி வினையாகவும் ஒலிக்கும், "எரியும் அடைப்பு" என்று விரியக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்:

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது. இப்படி எழுதுகிறேன்: வேலைக்குத் "தீயடைப்பு", இடத்துக்குச் "சுவர்த்தலைச் சந்து", பசைக்கு "அடைபசை", கம்பளிக்குப் "பாறைக்கம்பளி". முதல் பக்கத்தில் ஃபயர்ஸ்டாப், சீலன்ட், ராக்வூல் ஆகியவையும் பக்கத்தில் வரும். செவிமயக்கத்துக்காக, பயிற்றுநர் படிக்கும் குறிப்பில் "தீயை அடைக்கிற வேலை" என்று பிரித்து எழுதிவிடுகிறேன். ஐவரில் மூவர் இதற்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

படகுத் தொழில் ஆய்வாளர், நாகப்பட்டினம்:

நான் ஒப்பவில்லை என்று பதிவு செய்யுங்கள். கலப்பத்தை மறந்துவிட்டு அதே வேலைக்கு "அடைப்பு" என்று பொதுச்சொல் வைக்கிறோம். அடுத்த பதிப்புக்கு மீண்டும் எழுதுவேன்.

தீயடைப்புப் பொறியாளர், துபாய்:

எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் அச்சை நிறுத்த மாட்டேன். பெயரில் அசைவு வராவிட்டால் படத்தில் வரட்டும். சுவர்த்தலைப் படத்தில் தளத்துக்கு மேலும் கீழுமாக இரட்டை அம்பு போட்டு, "இந்தச் சந்து அசையும், சிமெண்ட், பட்டி, டாப் ட்ராக்கில் ஸ்க்ரூ கூடாது" என்று எழுதுங்கள். அந்த வரியை அடிக்குறிப்பில் தள்ள வேண்டாம், படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.