திசு வளர்ப்புக்கு இணங்காத பயிர்: ஒரு சொல் வேண்டும்

குழுவிலுள்ள பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மதுரையில் தாவரவியல் கற்பிக்கும் நான் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்து முழுச்செடியாக்குவது பற்றிய பாடமொன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முழு ஆக்குத்திறன் (ஒரு செல்லே முழுச்செடியாகும் ஆற்றல்), மீளுருவாக்கம் (திசுவிலிருந்து செடி மீண்டு வருவது), வன்மையாக்குதல் (குடுவைச் செடியை வெளிச்சூழலுக்குப் பழக்குவது) ஆகிய சொற்கள் மாணவர்களுக்குப் பழகிவிட்டன. உறுப்பாக உருப்பெறாமல் பெருகும் செல் திரளான கேலஸை ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. திசு வளர்ப்புக்கு இணங்காத பயிரைக் குறிக்கும் ‘ரிகால்சிட்ரன்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திசுவை வளர்க்கும் சத்துக்கலவையான ஊடகத்தில் ஆக்சின், சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கிகள் எந்த விகிதத்தில் உள்ளனவோ அதற்கேற்ப வேரோ குருத்தோ தோன்றும் என்பதை 1957-இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து வயல்களில் நாம் காணும் புகையிலை, ஆய்வுக்கூடத்துக் குடுவையிலும் சொன்னபடி கேட்கும் செடி. பருத்தியும் உளுந்தும் அப்படியல்ல. எத்தனை விகிதம் மாற்றிப் பார்த்தாலும் பல இரகங்களில் திசு கேலஸாகப் பெருகும், பழுப்பேறும், குருத்து மட்டும் விடாது. அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியத்தின் வழியே மரபணுவைச் செலுத்தும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது: மரபணுவை ஏற்ற செல்கள் ஓரிடத்திலும் குருத்துவிடும் செல்கள் வேறிடத்திலுமாக அமைந்துவிட்டால், இரண்டும் நடந்திருந்தும் மரபணு மாறிய செடி ஒன்றுகூடக் கைக்கு வராது.

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. இந்தியாவில் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் மரபணு, கோக்கர் 312 என்னும் அமெரிக்க இரகத்தில்தான் முதலில் செலுத்தப்பட்டது. திசு வளர்ப்பில் எளிதாக மீண்டு வரும் இரகம் அது. அதிலிருந்து, வேண்டிய இரகத்தோடு மீண்டும் மீண்டும் கலக்கும் பிற்கலப்பு வழியாகவே மற்ற இரகங்களுக்கு மரபணு கடத்தப்பட்டது. திருமங்கலத்துக் கரிசலில் பருத்தி போடும் ஒருவர், ‘எங்கள் இரகத்திலேயே நேராக வைத்திருக்கக் கூடாதா?’ என்று கேட்டால், அவருக்கு விடைசொல்ல நம்மிடம் ஒரு சொல் இருக்க வேண்டும்.

மூலச்சொல் லத்தீனில் குதிகாலால் உதைப்பதைக் குறிக்கும். நம்மிடம் கறக்கவிடாமல் உதைக்கும் பசுவுக்கு ‘உதைகாலி’ என்ற பெயர் உண்டென்றாலும், திசு எதையும் உதைப்பதில்லை. அது அசையாமல் கிடக்கிறது. ஆகவே ‘சண்டி’ என்பதை முன்வைக்கிறேன். நுகத்தடி வைத்ததும் படுத்துக்கொள்ளும் சண்டி மாட்டுக்கு வலுவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வலு உண்டு, காட்ட மறுக்கிறது என்பதே பொருள். தனித்த செல்லுக்கும் முழுச்செடியாகும் ஆற்றல் உண்டு என்று 1902-இல் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் கருதியதோடு இது பொருந்துகிறது. ‘இயலா வகை’, ‘மலட்டுத் திசு’ என்று எழுதினால் அந்த ஆற்றலையே மறுத்ததாகிவிடும். ‘சண்டி வகை’, ‘சண்டித்தன்மை’ ஆகியவற்றைக் குழு ஏற்குமா?

*

அம்மா, வணக்கம்.

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். மாடு கட்டி உழுத குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் தங்கள் உவமையை மிகவும் சுவைத்தேன். ஆனாலும் சொல்லை ஏற்க இயலவில்லை.

சிறிய தடையை முதலில் சொல்லிவிடுகிறேன். லச்சகொட்டைக் கீரைக்குச் சண்டிக்கீரை என்று பெயர் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். தாவரவியல் நூலில் ‘சண்டித் தாவரம்’ என்று வந்தால் படிப்பவர் மனம் அந்தக் கீரைக்குத்தான் போகும்.

பெரிய தடை வேறு. சண்டி என்று பெயரெடுத்த மாடு சந்தையிலும் விலை போகாது. அந்தப் பெயர் அதன் பிறவிக்குணம்போல் ஒட்டிக்கொள்ளும். நாம் பேசும் தன்மையோ பிறவிக்குணம் அன்று. மக்காச்சோளத்தில் பேபி பூம், வுஷல் என்னும் இரண்டு மரபணுக்களை உடன் செலுத்தியபோது, அதுவரை வழிக்கு வராதிருந்த பல உட்கலப்பு வழிகள் (தனக்குள்ளேயே கலந்து நிலைப்படுத்திய இரகங்கள்) மரபணு மாற்றத்துக்கு இடங்கொடுத்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோதுமையில் ஜி.ஆர்.எஃப்.4, ஜி.ஐ.எஃப்.1 ஆகிய இரண்டு புரதங்களையும் ஒன்றாக இணைத்து மீளுருவாக்கத்தில் பெற்ற முன்னேற்றம் 2020-இல் வெளியாயிற்று. நேற்று மறுத்தது இன்று இணங்குமானால், குற்றம் பாதியேனும் நம் வழிமுறையில்தான் இருந்திருக்கிறது. பழியை முழுவதும் செடியின் தலையில் ஏற்றும் சொல் நமக்கு எதற்கு?

‘மசியாமை’ என்பதை எண்ணிப் பார்த்தேன். பொருள் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இத்தன்மைக்குப் பேர்போனவை பயறுவகைகள் அல்லவா? ‘இது மசியாத துவரை’ என்று எழுதினால் குக்கரில் இன்னும் இரண்டு விசில் வைக்கச் சொல்வார்கள்.

என் பரிந்துரை ‘முரண்டு’. குழந்தை முரண்டு பிடிக்கும், பிறகு விட்டுவிடும். அது ஒரு நேரத்தின், ஒரு சூழலின் நடத்தை. பிடித்தல், தளர்தல், விடுதல் என்று வினைகளும் கூடவே வருகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலர்த்திச் சேமிக்க முடியாத விதைகளுக்கும் இதே ஆங்கிலச் சொல்லை 1973-இல் ராபர்ட்ஸ் பயன்படுத்தினார். சிறுமலைப் பலாக்கொட்டையும் மாங்கொட்டையும் அந்த இனம். அவை முரண்டு பிடிக்கவில்லை, காய்ந்தால் செத்துவிடுகின்றன. அவற்றை ‘உலர்தாங்கா விதை’ என்று பிரித்துவிடுவதே முறை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

*

ஐயா, வணக்கம்.

கீரையை நான் மறந்தே போனேன். சண்டியை அவிழ்த்துவிட்டேன், ‘முரண்டு’ என்பதையே ஏற்கிறேன். ‘உலர்தாங்கா விதை’யையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். குருத்துவிட மறுப்பதும் மரபணுவை ஏற்க மறுப்பதும் வெவ்வேறு என்பதால், ‘முரண்டு’ என்று தனியே எழுதாமல், ‘மீளுருவாக்க முரண்டு’, ‘மரபணு ஏற்பு முரண்டு’ என்று எதற்கு எதிரானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எந்த இரகம், எந்த ஊடகம், திசு எந்த உறுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பனவும் உடன் வர வேண்டும். ‘பருத்தி முரண்டுப் பயிர்’ என்று பொதுவாகச் சொன்னால் கோக்கர் 312 எதிரே வந்து நிற்கும்.

பேபி பூம் முதலியவற்றை ‘முரண்டு தளர்த்தும் மரபணுக்கள்’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன்; விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்கள். எனினும் அதைப் பெயராக நிலைநிறுத்தத் தயங்குகிறேன். செடிக்குள் அவற்றின் இயல்பான வேலை கருவையும் குருத்து நுனியையும் ஒழுங்குபடுத்துவது. நம் முரண்டைத் தளர்த்துவது நாம் அவற்றிடம் வாங்கும் வேலை. ஆதலால் ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தும் மரபணு’ என்பதையே பெயராக வைத்து, மற்றதை விளக்கத்தில் தருகிறேன்.

இலக்கணம் அறிந்தவர்கள் ஒன்றைத் தீர்த்துவைக்க வேண்டும். குரங்குக் குட்டி, பாம்புத் தோல் என்பவற்றைப் பார்த்து ‘முரண்டுப் பயிர்’, ‘முரண்டுத் திசு’ என்று வல்லொற்று மிகுத்தே எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் சரிதானா என்று சொல்லுங்கள்.