விஸ்லரில் குளிர்கால வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தேட வேண்டியது படுக்கையை

கனடாவின் வான்கூவருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் விஸ்லருக்கு, ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் வேலை செய்யப் போகலாமா என்று டொரொண்டோவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, விஸ்லரில் ஒரு ஹோட்டலில் முதல் ஆண்டு சமையலறையிலும் மறு ஆண்டு வரவேற்பு மேசையிலுமாக இரண்டு பருவங்கள் வேலை பார்த்தவன். தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வேலை கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்றே பெட்டி கட்ட வேண்டாம். தங்குவதற்கு இடம் உறுதியான பிறகு கட்டுங்கள்.

2021 கணக்கெடுப்பின்படி விஸ்லரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 14,000 பேர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் பல நடந்த இடம் என்பதால் பெயர் பெரிது, ஊர் சிறிது. இருக்கும் வீடுகளிலும் கணிசமானவை வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். அவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு வாரத்திற்கு விட்டால் கிடைக்கும் பணத்தைச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ஒருவரால் மாதம் முழுவதற்கும் கொடுக்க முடியாது. இதனால் நவம்பர் பிறந்த பிறகு வீடு தேடுகிறவர், பருவம் முழுவதும் யாரோ ஒருவருடைய வரவேற்பறைச் சோபாவில் படுப்பதற்கே வாடகை கொடுக்க நேர்கிறது. பெரிய நிறுவனங்கள் கோடையின் முடிவிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும், அவர்களுடைய பணியாளர் குடியிருப்பும் அதே வேகத்தில் நிரம்பிவிடும். நேர்காணலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகவே படுக்கை உண்டா, ஓர் அறையில் எத்தனை பேர், வாடகையைச் சம்பளத்திலிருந்து பிடிப்பார்களா, சமைக்க அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வேலையை விட்டால் எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள். பணியாளர் குடியிருப்பில் வேலையும் படுக்கையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒன்று போனால் மற்றதும் போகும், அதுவும் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் ஜனவரியில்.

தனியாரிடம் அறை எடுப்பவர்களுக்கு இரண்டு சட்டங்கள் தெரிந்திருந்தால் போதும். விஸ்லர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீட்டு உரிமையாளர் முன்பணமாக அரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அடுத்தது பலருக்கும் தெரியாதது: சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் குடியிருந்தால் மாகாணத்தின் வாடகைச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தராது. ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதல் ஆண்டு அக்டோபரில், விஸ்லரின் கிரீக்சைடு பகுதியில் ஜன்னலுக்கு வெளியே தேவதாரு மரம் தெரிகிற அழகான அறை ஒன்றின் படங்களைப் பார்த்து மயங்கி, டொரொண்டோவில் இருந்தபடியே அரை மாத வாடகையை அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து அந்த மனிதர் பதில் எழுதவில்லை. அந்தப் படங்கள் ஒரு விடுமுறை வீட்டு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், முதல் வாரத்திற்கு விடுதியில் ஒரு படுக்கை பதிவு செய்துகொண்டு வந்து நேரில் பார்ப்பதே மேல்.

வாடகை குறைவாக இருக்கிறதே என்று தெற்கே 60 கிலோமீட்டர் தள்ளி ஸ்குவாமிஷிலோ, வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளி பெம்பர்டனிலோ இடம் பிடிக்கிறவர்கள் உண்டு. கார் இல்லாமல் அது சரிவராது. கார் இருந்தாலும், அந்த ஊர்களை விஸ்லரோடு இணைக்கும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஊருக்குள்ளேயே தெற்கு ஓரத்தில் இருக்கும் ஃபங்ஷன் ஜங்ஷனில் தங்கினால் நகரப் பேருந்தில் வந்துவிடலாம். ஆனால் உங்கள் வேலை முடியும் நேரத்தையும் கடைசிப் பேருந்து கிளம்பும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரவு உணவுப் பணி முடிந்து, நனைந்த காலுறையோடு நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வீடு சேர்ந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை போதுமானதாக இருந்தது.

வேலை அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்லரில் நீங்கள் பார்க்கும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் இளைஞர்கள் பெரும்பாலும் 35 வயது வரையானவர்களுக்குக் கிடைக்கும், விடுமுறையைக் கழித்தபடியே வேலையும் செய்ய விடும் "வர்க்கிங் ஹாலிடே" அனுமதியில் வந்தவர்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ் குடியுரிமை உள்ள தமிழர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அப்படியோர் ஒப்பந்தம் இல்லை. எனவே அந்தக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நிரந்தர வதிவிடமோ, படிப்புக்குப் பிந்தைய திறந்த வேலை அனுமதியோ, அதைப் போன்ற வேறு அனுமதியோ வைத்திருக்க வேண்டும். இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வெளியே வேலை செய்யக் கூடாது என்பதால் முழுப் பருவ வேலை அவர்களுக்கு ஒத்துவராது. "பனிச்சறுக்கு விடுதியில் வேலை, விசாவுடன்" என்று சொல்லி நம்மூரில் லட்சக்கணக்கில் கேட்கிற முகவர்களை நம்ப வேண்டாம். வேலை வாங்கித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதே இந்த மாகாணத்தில் சட்டவிரோதம். உங்கள் அனுமதித் தாளில் குழந்தைகள் பராமரிப்பில் வேலை செய்யக் கூடாது என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவப் பரிசோதனை செய்யாமல் அனுமதி பெற்ற பலருக்கு அது இருக்கும், அப்படி இருந்தால் சிறுவர்களுக்கான பனிச்சறுக்குப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிப்பது வீண்.

சம்பளத்தில் ஏமாறுவது மணிக்கூலியில் அல்ல, மணிகளின் எண்ணிக்கையில்தான். மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூன் 1 அன்று மணிக்கு 17.85 டாலராக உயர்ந்தது, அதைப் பார்த்ததும் வாரத்துக்கு நாற்பது மணி என்று பெருக்கிப் பார்த்து மகிழ்வோம். பனிச்சறுக்குக்காக மலை திறப்பது வழக்கமாக நவம்பர் கடைசியில். அதற்கு முந்தைய வாரங்களில் ஊர் காலி, வேலையும் சொற்பம். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு முடியும் வரை மூச்சுவிட நேரம் இருக்காது, ஜனவரி நடுவில் மறுபடி தொய்யும், பிப்ரவரியில் குடும்ப தின விடுமுறையோடு மீண்டும் ஏறும். பனி சரியாகப் பெய்யாத ஆண்டென்றால் முதலில் வெட்டுப்படுவது பருவகால ஊழியரின் மணிகள்தான். குறைந்தது இரண்டு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இல்லாமல் வராதீர்கள். வேலைக்கு வந்து நின்ற பிறகு ஆள் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினாலும் குறைந்தபட்சம் இரண்டு மணி நேரக் கூலி உங்களுக்கு உரியது, ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் டிப்ஸை முதலாளி தன் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. மதுபானம் பரிமாறும் வேலை என்றால் அதற்கான மாகாணச் சான்றிதழை இணையத்திலேயே எழுதி வாங்கிவிடலாம், அதை வரும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

இனி உடைக்கு வருகிறேன். இதில்தான் கனடாவுக்குப் பழகிய தமிழர்களே தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். டொரொண்டோவின் குளிர் காய்ந்த குளிர். விஸ்லரின் குளிர் நனைந்த குளிர். பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று நேராக இந்த மலைகளில் வந்து மோதுவதால் மேலே ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. ஆனால் ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 675 மீட்டரில். ஊரை ஒட்டிய பிளாக்கோம்ப் மலையில் லிஃப்ட் போய் நிற்கும் உச்சி 2,284 மீட்டரில். இந்த இடைவெளியில் ஏதோ ஓர் உயரத்தில்தான் மழை பனியாக மாறுகிறது. அந்தக் கோடு சற்று மேலே ஏறிவிட்டால் உச்சியில் அனைவரும் பனியில் குதித்துக்கொண்டிருக்க, கீழே ஊரில் நம்மூர் ஐப்பசி அடைமழை போல் கொட்டும். என் முதல் டிசம்பரில், காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில், ஸ்கார்பரோவில் தள்ளுபடி விலையில் வாங்கிய பெரிய இறகு அங்கியோடு பெருமையாக நின்றேன். பத்தே நிமிடத்தில் தோள்பட்டை நனைந்து, உள்ளே இருந்த இறகெல்லாம் ஊறிய அவல் மாதிரி ஓரங்களில் கட்டிகட்டியாக இறங்கிவிட்டது. அதை ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டு மூன்று நாள் காய வைத்தேன். அறைத்தோழன் வாத்துப் பண்ணைக்குள் படுத்திருப்பது போல இருக்கிறது என்று முறையிட்டான், அதில் நியாயம் இருந்தது.

தேவையானது தடித்த ஒற்றை அங்கி அல்ல, மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ் எனும் மென்மையான செயற்கை நூல் மேலாடை, வெளியே தண்ணீர் புகாத, தலைமூடி உள்ள மழை ஜாக்கெட். பருத்தி பனியனை உள்ளே போட்டால் வியர்வையோ மழையோ பட்டு நனைந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும், ஆகவே அதைத் தூங்கும்போது மட்டும் அணியுங்கள். வெளிவேலை என்றால் கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காயும்போது மற்றது கையில். பூட்ஸுக்குள் இரவில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலையில் ஈரம் வாங்கியிருக்கும். ஈரம் இரவில் உறைந்து கண்ணாடியாகும் நடைபாதைகளுக்குக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் கடைவீதியில் புதிதாக வாங்கினால் முதல் மாதச் சம்பளம் கரைந்துவிடும். விஸ்லர் சமூகச் சேவைச் சங்கம் நடத்தும் பழைய பொருள் கடையில், முந்தைய ஆண்டுக்காரர்கள் விட்டுச்சென்ற ஜாக்கெட், பனிச்சறுக்குப் பலகை, பாத்திரம் வரை எல்லாம் மலிவாகக் கிடைக்கும். அந்தச் சங்கமே உணவு வங்கியும் நடத்துகிறது. மணிகள் வெட்டுப்பட்ட வாரத்தில் அங்கே போவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. என்னோடு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் மலையிலேயே வேலை செய்கிறவர்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஊர்க் கடைகளில் விலை அதிகம், நம் சாமான்கள் குறைவு. வான்கூவரில் இறங்கியதும் ஒரு பகல் ஒதுக்கி சர்ரேயில் உள்ள இந்தியக் கடைகளுக்குப் போய் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய் வாங்கிக்கொண்டு அதன்பிறகு மலையேறுங்கள். பணியாளர் குடியிருப்பில் தாளிக்கும்போது கவனம் வேண்டும். கடுகு வெடித்து வற்றல் மிளகாய் புகைந்ததும் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, இரவு பத்தரை மணிக்கு நாற்பது பேர் காலுறையோடு பனியில் இறங்கி நின்றார்கள், அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அன்று முதல் ஜன்னலைத் திறந்துவிட்டு, மூடி போட்ட சட்டியில், சிறு தீயில்தான் தாளிப்பேன். இன்னொன்று, இங்கே வீட்டு வாசலில் குப்பை எடுக்க வண்டி வராது. நெஸ்டர்ஸ் பகுதியிலும் ஃபங்ஷன் ஜங்ஷனிலும் இருக்கும் குப்பைக் கிடங்குகளுக்கு நாமே கொண்டுபோக வேண்டும். மீன் கழிவை ஒரு ராத்திரிதானே என்று பால்கனியில் வைக்காதீர்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் கருங்கரடிகள் விழித்தே இருக்கும்.

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். பனிச்சறுக்கு மலையை நடத்தும் நிறுவனத்தில் வேலை செய்தால் பருவ அனுமதிச் சீட்டு வேலையோடு சேர்ந்தே வரும். ஆனால் முதலில் மருத்துவக் காப்பீடு. மாகாணத்தின் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தாலும், வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதன்பின் இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். ஒன்டாரியோவிலிருந்து வருகிற நிரந்தரவாசிகளுக்கு அந்த இடைக்காலத்தில் பழைய மாகாணத் திட்டம் கைகொடுக்கும். வெளிநாட்டிலிருந்து நேராக வருகிறவர்களுக்குத் தனியார் காப்பீடுதான் வழி, அதில் பனிச்சறுக்கு விபத்து அடங்குமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். ஊரில் இருப்பது ஒரு சிறிய அவசரச் சிகிச்சை மையம்; பெரிய அறுவை என்றால் வான்கூவருக்குத்தான் அனுப்புவார்கள். ஸ்னோபோர்டில் புதியவர்கள் விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வது வழக்கம், மணிக்கட்டு உடைந்தால் சமையலறை வேலையும் போயிற்று. பனி அதிகம் பெய்த நாளில் மரங்களுக்கு ஓரமாகத் தனியே போக வேண்டாம். கிளைகளுக்குக் கீழே மரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் கிணறு போல் இருக்கும், தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. கயிறு கட்டித் தடுத்திருக்கும் எல்லையைத் தாண்டுவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் மாலை நான்கு மணி கடந்ததுமே இருட்டத் தொடங்கிவிடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே வெயில் மறைந்துவிடும். காலைப் பணியில் இருப்பவர் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்காமல் இருக்கக்கூடும். ஊர் நூலகம் நல்ல வெளிச்சமும் கதகதப்பும் உள்ள இடம், செலவும் இல்லை. தைப்பொங்கல் சரியாக ஜனவரித் தொய்வில் வருவதால் விடுப்பு எளிதாகக் கிடைக்கும், ஆனால் நவம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஏப்ரலில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அறையைப் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் புதிய முகவரியை உரிமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால், அதைக் கொடுத்துக் காலி செய்த பிறகு 15 நாட்களுக்குள் அவர் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் அல்லது தகராறு தீர்க்கும் அலுவலகத்திடம் போக வேண்டும். அதே முகவரியைச் சம்பளப் பிரிவிலும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். ஜனவரி முதல் நீங்கள் சம்பாதித்ததற்கான வரிச் சீட்டு அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் வரும். என்னுடையது பழைய குடியிருப்பின் தபால் பெட்டியில் யாரோ ஓர் ஆஸ்திரேலியரின் கடிதங்களோடு மே மாதம் வரை கிடந்தது.