பத்தாவது கேள்வி: பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்தவர்களின் அனுபவப் பகிர்வு

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்

குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடச் சென்ற அன்று நடந்தது மூன்று ஆண்டுகளாகியும் மனத்தை விட்டு அகலவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று அறியக் கேட்கும் அந்தப் பத்துக் கேள்வித் தாளை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். ஆலோசகர் அதை வாய்விட்டு வாசிக்க, என் மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தார். என்னை நானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவது கேள்விக்கு "இல்லவே இல்லை" என்றேன். முந்தைய இரவு முழுவதும் அந்த எண்ணத்தோடுதான் விழித்திருந்தேன். ஆலோசகர் எதையும் குறிக்காமல் என் கையைப் பார்த்தார். முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி இறுக்கியதில் என் விரல் வெளுத்துப் போயிருந்தது. "அம்மா, குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மாமியாரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, அதே கேள்வியை அதே சொற்களில் மீண்டும் கேட்டார். அப்போதுதான் அழுதேன். அதன்பின் எட்டுச் செவ்வாய்க்கிழமைகள் அவரிடம் சென்று பேசினேன். அவர் இரண்டாம் முறை கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் உடல் நடுங்குகிறது.

ஆற்காட்டிலிருந்து ஒரு மாமியார்

மகளே, மாமியார் நகர்ந்தால்தான் உண்மை வெளிவரும் என்பது போல நீ எழுதியிருப்பதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. என் மருமகளின் நிலையை முதலில் கண்டுகொண்டவள் நான்தான். குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருக்க, அவளோ அடுப்பில் பொங்கி வழியும் பாலைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொன்ன உறவினர்களை மீறி, வேலூர் பாகாயத்திலுள்ள மனநல மருத்துவமனைக்கு நானே அவளைப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். பிரசவ அறை வாசலில் "இதுவும் பெண்ணா" என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. அதை மருத்துவர் முன்னிலையில் அவள் மெல்லச் சொன்னபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த என்னால் தலை நிமிர முடியவில்லை.

கணியம்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, கைக்கு உதவி இல்லாமை ஆகியவை அதற்கு வழிவகுத்ததாக அதில் கண்டனர். என் பணிக்காலத்தில் ஒரு பெண் ஓயாமல் அழுகிறாள் என்று அவள் தாய் சொன்னபோது, "பச்சை உடம்புக்காரி அழத்தான் செய்வாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுத் திண்ணை இன்றும் கண்ணில் நிற்கிறது.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதல் சில நாட்களில் தாய்க்கு வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் காத்திருக்காதீர்கள். தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பால் கொடுப்பவருக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. யார் பேச்சையோ கேட்டு அவற்றைப் பாதியில் நிறுத்த வேண்டாம். மனநல மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்வதை அறிந்துகொள்ளுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இரவிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குத் திரும்பும் மாதத்தில்தான் பலருக்குச் சிகிச்சை அறுந்துபோகிறது. கணவன்மார்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து மீண்டும்

ஆற்காட்டு அம்மாவுக்கு: என் மாமியார் அன்று திரும்பி வந்து "நாலு கிலோ முந்நூறு" என்றார். வீங்கிய என் கண்களைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாயிலிருந்து பேருந்து நிலையம் வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தார். அந்தப் பத்தாவது கேள்வியைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.