அரை கிரவுண்டு மனையில் 40 மீட்டர் ஆன்டெனா: எதைத் தேர்ந்தெடுப்பது?

மாடிவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்துப் பேசுகிறவன். தாம்பரத்தை அடுத்த ஒரு குடியிருப்பில் அரை கிரவுண்டு மனை, அதில் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு. மொட்டை மாடி கிழக்கு மேற்காக 35 அடி, தெற்கு வடக்காக 25 அடி. மேற்குப் பக்கத்தின் நடுவில் 8 அடி உயர மாடிப்படி அறை இருக்கிறது. கிழக்கே தெரு, கைப்பிடிச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி மின்வாரியக் கம்பிகள் போகின்றன. மரமோ தோட்டமோ இல்லை.

என்னிடம் உள்ளது ரெஸ்ட்ரிக்டட் ஹாம் உரிமம். 50 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி) வைத்திருக்கிறேன். காலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டர் அலைநீளம்) மதுரை, கோவை, பெங்களூரு நண்பர்களோடு தடையின்றிப் பேச வேண்டும் என்பதே முதல் விருப்பம். மாலையில் 14 மெகாஹெர்ட்ஸில் (20 மீட்டர்) வெளிநாட்டு நிலையங்கள் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் 40 மீட்டர் டைபோலுக்கு (நடுவில் இணைப்பு கொடுத்த இரு கைக் கம்பி) 66 அடி வேண்டும் என்கிறார்கள். என் மாடியின் மூலைவிட்டமே 43 அடிதான். ஒரு மீட்டர் விட்டமுள்ள மேக்னெட்டிக் லூப் (வளைய ஆன்டெனா) வாங்கலாமா, சுருள் வைத்த குட்டையான வெர்ட்டிகல் (செங்குத்து ஆன்டெனா) வாங்கலாமா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சிற்றலை:

ஐயா, வாங்குவதற்கு முன் யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். மதுரையும் கோவையும் உங்களிடமிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. அந்தத் தொலைவுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, கீழே இறங்க வேண்டும். வெர்ட்டிகல் ஆன்டெனா தலைக்கு நேர் மேலே மிகக் குறைவாகவே வீசும். அதன் பலம் தொடுவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் இருக்கிறது. எனவே உங்கள் முதல் விருப்பத்துக்கு அது பொருந்தாது. கால் அலைநீளத்துக்குள், அதாவது 10 மீட்டர் உயரத்துக்குள், கிடையாகக் கட்டிய கம்பிதான் மேல்நோக்கி நன்றாக வீசும். உங்களைப் போன்ற மாடி வீட்டுக்காரருக்கு இந்த உயரம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

66 அடியும் நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. டைபோலில் மின்னோட்டம் நடுப்பகுதியில்தான் அதிகம். வீச்சின் பெரும்பகுதி அங்கிருந்தே கிளம்புகிறது. இரு முனைகளிலும் மின்னோட்டம் அனேகமாக இல்லை, மின்னழுத்தம்தான் உண்டு. ஆகவே நடுப்பகுதியை உயரமாகவும் நீட்டாகவும் வைத்துவிட்டு, முனைகளை மடக்கியோ தொங்கவிட்டோ கட்டினால் இழப்பு சொற்பமே. மாடியின் நடுவில் 18 அடிச் சவுக்குக் கம்பம் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து எதிரெதிர் மூலைகளுக்கு இன்வர்ட்டட் வி (தலைகீழ் V) வடிவில் இறக்குங்கள். ஒவ்வொரு கைக்கும் 24 அடி சாய்வில் போய்விடும். மீதமுள்ள 9 அடியைச் சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம்.

கடையில் எஸ்.டபிள்யூ.ஆர். (ரிக்கோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1:1 என்றால் முழுப் பொருத்தம்) 1:1 காட்டும் சிறிய ஆன்டெனா என்று விற்றால், அந்த எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதில் சோதனைக்காக மாட்டும் மின்தடை) 1:1 காட்டும், அனுப்பியதெல்லாம் சூடாகிவிடும்.

செப்புவளையம்:

லூப்பைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் அதன் இரு பக்கங்களையும் எழுதுகிறேன். 22 மில்லிமீட்டர் செப்புக் குழாயை ஒரு மீட்டர் விட்டத்தில் வளைத்து நானே செய்தேன். ஐந்து ஆண்டுகளாகப் பால்கனியில் இருக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸில் அது தரும் நிறைவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் கணக்கு முற்றிலும் வேறு.

சிறிய வளையத்தின் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் மின்தடை) அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. என் வளையத்துக்கு 14.2 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 0.1 ஓம், 7.1இல் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்து 0.006 ஓம். செப்புக் குழாயின் சொந்த மின்தடையோ 7.1இல் சுமார் 0.03 ஓம். அதாவது 50 வாட் கொடுத்தால் வானத்துக்குப் போவது 8 வாட் அளவுதான், மற்றது குழாயைச் சூடாக்கிவிட்டு மறைந்துவிடுகிறது. வளையத்தை அதிர்வெண்ணுக்கு இசைக்கும் மின்தேக்கியின் இழப்பையும் பற்றவைப்புகளின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். 14.2இல் இதே கணக்கு மூன்றில் இரண்டு பங்கு வீச்சைக் காட்டுகிறது.

இன்னொன்று, அது ஒரே நேரத்தில் ஏற்கும் அலைவரிசை மிகக் குறுகலானது. 7 மெகாஹெர்ட்ஸில் ஐந்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே மின்தேக்கியை மீண்டும் திருப்ப வேண்டும். சிறிய அளவு, நல்ல செயல்திறன், அகன்ற அலைவரிசை ஆகிய மூன்றையும் ஒரே ஆன்டெனாவில் பெற முடியாது என்பதை ஆய்வாளர்களான வீலர் 1947இலும் சூ 1948இலும் கணிதத்தால் காட்டிவிட்டார்கள். எந்த விளம்பரமும் அதை மாற்றாது. தவிர, 50 வாட்டிலேயே மின்தேக்கியின் இரு தகடுகளுக்கிடையே சில ஆயிரம் வோல்ட் நிற்கும். வளையத்துக்கு அருகில் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் இருந்தால் கட்டாயம் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மாடி கிடைக்காத அடுக்ககவாசிக்கு லூப் ஒரு வரம். மொட்டை மாடி உங்கள் கையில் இருக்கும்போது கம்பியைக் கட்டுங்கள்.

இடிதாங்கி:

சிற்றலை அவர்களின் கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன், கம்பத்தின் இடத்தைத் தவிர. ஆன்டெனா கட்டும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, கயிறு அறுந்தால் கம்பி எதுவரை போகும் என்பதே. மாடியின் நடுவிலிருந்து மின்வாரியக் கம்பி 27 அடிச் சொச்சம்தான். டைபோலின் ஒரு கை 33 அடி. தென்கிழக்கு முனையின் கயிறு காற்றில் அறுந்தால் அந்தக் கை மின்கம்பியைத் தொட்டுவிடும். அப்போது கோஆக்ஸ் (ஆன்டெனாவை ரிக்கோடு இணைக்கும் கேபிள்) வழியாக மின்சாரம் நேரே உங்கள் மேசைக்கு வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது எங்கள் தெருவில் உறுதியான கம்பங்களே சாய்ந்ததைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மேற்கே உள்ள மாடிப்படி அறையின் மேல் 10 அடிக் குழாயை நிறுத்துங்கள். அங்கிருந்து மின்கம்பி 45 அடி. கைகளை வடகிழக்காகவும் தென்கிழக்காகவும், மேலிருந்து பார்த்தால் செங்கோணம் வருமாறு இறக்கி, 20 அடிக்குப் பிறகு வடக்கு, தெற்குச் சுவர்களை ஒட்டிக் கிழக்கு நோக்கித் திருப்புங்கள். எந்தக் கயிறு அறுந்தாலும் 12 அடி இடைவெளி மிஞ்சும். முனைகளில் மின்னழுத்தம் உண்டு என்பதால், துணி உலர்த்த வருபவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். இடி மழைக் காலத்தில் கோஆக்ஸை ரிக்கிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

மாடிவாசி:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இடிதாங்கி ஐயா சொன்ன அமைப்பிலேயே சென்ற ஞாயிறு கட்டி முடித்தேன். வீட்டு வயரிங்குக்கு வாங்கி மீந்திருந்த பி.வி.சி. உறைக் கம்பியைக் கைக்கு 34 அடியாக வெட்டினேன். நானோ வி.என்.ஏ.வில் (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) பார்த்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் பள்ளம் 6.8 மெகாஹெர்ட்ஸில் நின்றது. இரு முனைகளிலும் சமமாகப் பத்துப் பத்து சென்டிமீட்டர் வெட்ட வெட்ட, ஒவ்வொரு முறையும் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறியது. நான்காவது வெட்டில் 7.08இல் வந்து நின்றது; அங்கே எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. கோஆக்ஸின் வெளியுறை வழியே மின்னோட்டம் திரும்பாமலிருக்க, கம்பி இணையும் இடத்தில் அதை ஃபெரைட் வளையத்தில் 12 சுற்று சுற்றியிருக்கிறேன்.

ஆனால் ரிக்கின் சிக்னல் மீட்டரில் இரைச்சல் எஸ் 8 வரை இருந்தது. ரிக்கை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்ததும் எஸ் 4க்கு இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், மாடிப்படி அறையில் எரிந்த ஓர் எல்.இ.டி. விளக்கே காரணம் என்று தெரிந்தது. அதை மாற்றிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மதுரை நண்பர் எனக்கு 59 (தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்ற மதிப்பீடு) கொடுத்தார்; கோவையும் தெளிவாகக் கேட்டது.

இனி 14 மெகாஹெர்ட்ஸுக்கு, இதே இணைப்பிலிருந்து கைக்கு 16 அடி அளவில் இன்னொரு ஜோடிக் கம்பியை இறக்கலாமா?

சிற்றலை:

தாராளமாக இறக்கலாம். இரண்டு ஜோடிகளும் ஒன்றையொன்று ஒட்டிப் போகாமல், முனைகளில் மூன்று அடியாவது விலகி இருக்கட்டும். முதலில் 40 மீட்டர் ஜோடியைச் சரிபார்த்துவிட்டு, பிறகு 20 மீட்டர் ஜோடியை வெட்டுங்கள். இரண்டாவதைத் தொடும்போது முதலாவது சற்று நகரும் என்பதால் கம்பியில் ஓர் அடி மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.