ஓசி மாடியில் செய்த கேமுக்கு முதலீடு எவ்வளவு?

பீளமேடு பிக்சல் | காலை 9:05
நொய்யல்கரை நேற்று இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "கேம் செய்யக் காசே வேண்டாம். ஸ்டார்டியூ வேலி என்கிற வீடியோ கேமை எரிக் பரோன் தனி ஆளாக, ஒற்றை ரூபாய் முதலீடு இல்லாமல் முடித்தார். நம்ம கோயம்புத்தூர்ப் பையன்களுக்குப் பிரச்சினை காசு இல்லை, சோம்பல்."

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பரோன் நாலரை வருடம் உட்கார்ந்து செய்த கேம் அது. 2016 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அதுவரை காற்றைக் குடித்தா உயிர் வாழ்ந்தார்? சியாட்டிலில் ஒரு தியேட்டரில், வருகிறவர்களுக்கு இடம் காட்டி உட்கார வைக்கிற பகுதிநேர வேலை பார்த்தார். அதற்கு மேல் காதலி சம்பாதித்துப் போட்டார். வீட்டு வாடகையை யார் கட்டினது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், போதும்.

நொய்யல்கரை | காலை 9:31
வந்துட்டாருங்க கணக்குப்பிள்ளை. வீட்டில் ஒருத்தர் சம்பாதிக்க, இன்னொருத்தர் வேறு வேலை பார்ப்பதற்குப் பெயர் குடும்பம். அதை முதலீடு என்றால் ஊரில் உள்ள மனைவிமார் எல்லோரும் புதுக் கம்பெனிக்குக் காசு போடுகிற ஏஞ்சல் இன்வெஸ்டர்தான். வெளி ஆளிடம் கை நீட்டவில்லை என்றுதான் சொன்னேன். கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அதுவும் திரும்பி வந்துவிடும். கேமை உருவாக்குகிற மென்பொருளான கோடாட் எஞ்சின் இலவசம், முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டர் இலவசம். இன்னும் என்ன வேண்டும், தாம்பூலமா?

பீளமேடு பிக்சல் | காலை 9:44
வெளி ஆளே இல்லையா? அந்த கேமை வெளியிட்டது சக்கிள்ஃபிஷ் என்கிற பப்ளிஷர். அது கிடக்கட்டும். வாடகைக்கு இன்னும் பதில் வரவில்லை.

பீளமேட்டில் சின்ன வீடு மாதம் 12,000 என்று வையுங்கள். நாலரை வருடத்துக்கு 6,48,000. அப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து கேம் செய்கிறவன் ஆறரை லட்சத்தை அப்பாவிடம் வாங்கித் தின்றிருக்கிறான். வாங்கினது அவனுக்கே தெரியாது, அவ்வளவுதான். அப்பாவுக்கு மாடி இல்லாதவனைப் பார்த்து சோம்பேறி என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

ஈரோடு மஞ்சள் | காலை 9:52
அம்மா போட்ட காபிக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தீர்களா?

பனியன் கம்பெனி மாமா | காலை 10:20
பிக்சல் தம்பி கணக்கில் வட்டியைக் காணோம். நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு விட்டிருந்தால் அந்த ஆறரை லட்சம் என்னவாகியிருக்கும்?

எங்க அக்கா மகன் திருப்பூரில் என் கம்பெனி மாடியில்தான் கேம் செய்கிறான். நான் வாடகை கேட்டதில்லை. கேட்டால் அக்கா அடுத்த நோம்பிக்கு வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாள். என் வெசனம் வேறு. எப்போது கேட்டாலும் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது மாமா" என்கிறான். பனியன் தைத்ததோடு வேலை தீர்ந்துவிடுமா? செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் ஆகி கன்டெய்னர் ஏறினால்தான் பில். இவன் கட்டிங் டேபிளை விட்டே இறங்கவில்லை. இப்போது புதிதாக மீன் பிடிக்கிற பகுதி ஒன்றைச் சேர்க்கிறானாம். கதை நடப்பது காங்கேயத்து மேட்டாங்காட்டில். மீன் எங்கிருந்து வரும்?

கோபி வயல் | காலை 10:41
மீன் பிடிக்கிறது இல்லாமல் ஒருத்தரும் கேம் செய்ய மாட்டேன் என்கிறார்கள் மாமா. நான் கேம்களுக்கு ஓவியம் வரைகிறவள். பத்து மீன் வரையச் சொல்லி வாங்கிக்கொண்டு குளத்தையே தூக்கினவர்களும் உண்டு.

வாடகையை விட்டுவிட்டு நிஜமான வழிகளைப் பேசலாமா? அண்டர்டேல் கேமுக்கு டோபி ஃபாக்ஸ் 2013-இல், பொதுமக்களிடம் பணம் திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5,000 டாலர் கேட்டார், 51,000 சொச்சம் வந்தது. ஹாலோ நைட் கேமைச் செய்த அடிலெய்டுக்காரர்கள் 2014-இல் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,000 வாங்கினார்கள். ஆனால் கிக்ஸ்டார்ட்டர் திட்டம் தொடங்க அனுமதிக்கிற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வெளிநாட்டில் ஆள் வேண்டும், வங்கிக் கணக்கும் வேண்டும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2017-இல் ராஜி கேமை கிக்ஸ்டார்ட்டரில் போட்டது. இலக்கை எட்டவில்லை என்றால் ஒரு பைசாவும் கிடையாது, அதுதான் அங்கே சட்டம். எட்டவில்லை. அப்புறம் எபிக் என்கிற கேம் நிறுவனத்தின் மானியம் கிடைத்து, 2020-இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் வந்தது.

நொய்யல்கரை | காலை 11:02
நான் சொன்னதையேதான் கோபி வயலும் சொல்கிறார். ராஜிக்குக் காசு வரவில்லை, ஆனாலும் முடித்தார்கள். இதையும் கேளுங்கள். டபுள் ஃபைன் என்கிற கேம் கம்பெனி 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சம் டாலர் வாங்கியது. எட்டு மடங்கு! அப்படியும் பத்தாமல் புரோக்கன் ஏஜ் கேமையே இரண்டாகப் பிளந்து, 2014-இல் முதல் பாதியை விற்ற காசையும் போட்டு, மறுபாதியை 2015-இல் கொண்டுவந்தார்கள். காசு கேமை முடிக்காது. ஆள்தான் முடிக்க வேண்டும்.

கோபி வயல் | காலை 11:06
எபிக் மானியம் காசு இல்லையா? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீங்க.

பீளமேடு பிக்சல் | காலை 11:10
டபுள் ஃபைன் காசு எங்கே போனது? ஆட்களுக்குச் சம்பளம், ஆபீஸ் வாடகை. பார்த்தீர்களா, வாடகை! நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அங்கே அது செலவுக் கணக்கில் வருமாம், பீளமேட்டில் வராதாம்.

அப்புறம் அந்த "எஞ்சின் இலவசம்". 2023 செப்டம்பரில் யூனிட்டி என்கிற இன்னொரு எஞ்சின் கம்பெனி, கேமை எத்தனை தடவை இன்ஸ்டால் செய்கிறார்களோ அதற்கேற்பக் காசு என்று குண்டைப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருடம் வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் பாதிக் கேமோடு எஞ்சின் மாற்றினவர்கள் எத்தனையோ பேர். இலவசம் என்பதெல்லாம் அவன் மனசு மாறுகிற வரைக்கும்தான்.

ஈரோடு மஞ்சள் | காலை 11:15
அவர் சொன்னது கோடாட். நீங்கள் திட்டுவது யூனிட்டியை.

பீளமேடு பிக்சல் | காலை 11:38
தெரிந்துதான் எழுதினேன். நாங்கள் யூனிட்டியில் மாட்டிக்கொண்டவர்கள்.

கடைசி பத்து சதவீதம் என்னவென்று மாமா கேட்டார், சொல்கிறேன். எங்கள் கேமில் வசனம் எல்லாம் தமிழ். யூனிட்டியில் திரையில் எழுத்தைக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் புரோவில் "வெள்ளாமை" என்று போட்டால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்க அதற்குத் தெரியாது. கொம்பை முன்னால் தள்ள நாங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். சரி, தீர்ந்தது என்று பார்த்தால், வசனம் ஒவ்வொரு எழுத்தாக வருகிற இடத்தில் முதலில் கொம்பு மட்டும் தனியாக வந்து நிற்கிறது, அப்புறம் வகரம் ஓடி வந்து ஒட்டுகிறது. இதைச் சரி செய்கிற நாளெல்லாம் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. பகலில் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் குழந்தைகள் கல்வி ஆப் செய்து கொடுக்கிறோம், அந்தப் பணத்தில்தான் இந்தக் கொம்பை நகர்த்துகிறோம். அவர்களும் பில்லை இன்னும் பாஸ் பண்ணவில்லை. வீட்டு ஓனருக்கு இதெல்லாம் சொல்லிப் புரிய வைக்க நொய்யல்கரை வருவாரா?

ஈரோடு மஞ்சள் | மதியம் 12:05
கோடாட் 4-இல் தமிழ் ஒழுங்காக வரும். அது போக, கொங்குத் தமிழில் கேம் போட்டால் யார் வாங்குவார்கள்? "ஏனுங்க, களை வெட்டலாமுங்களா" என்று திரையில் வந்தால் எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள்.

நொய்யல்கரை | மதியம் 12:12
ஏன் வாங்க மாட்டார்கள்? வெண்பா என்கிற கேம் வந்ததே, 2023-இல். இட்லி ஊற்றுகிற ஒரு தமிழ் அம்மாவின் கதை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. நம்ம ஆட்கள் செய்த கேம். அவர்கள் வாடகையைப் பற்றி இங்கே வந்து அழுதார்களா?

பீளமேடு பிக்சல் | மதியம் 12:19
அது டொராண்டோவில் செய்த கேம். டொராண்டோ வாடகை என்னவென்று தெரியுமா உங்களுக்கு?

நொய்யல்கரை | மதியம் 12:20
அடப்பாவி.

பனியன் கம்பெனி மாமா | மதியம் 12:48
விற்றால் எவ்வளவு நிற்கும்? அதைச் சொல்லுங்கப்பா. எனக்கு மார்ஜின் வேண்டும்.

கோபி வயல் | மதியம் 1:15
ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும் மாமா. 1 கோடி டாலருக்கு மேல் விற்றால்தான் 25 ஆகும். அமெரிக்காவில் விற்றதற்கு அங்கே வரி பிடிப்பார்கள். பப்ளிஷர் இருந்தால் அவர் பங்கு தனி. வாங்கின 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் மட்டும் ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேம் செய்தவன் பாடு திண்டாட்டம். கதையை முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரீஃபண்ட் பட்டனை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பனியன் கம்பெனி மாமா | மதியம் 1:22
உடுத்திக் கிழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதை நாங்கள் வாங்க மாட்டோம். என்ன வியாபாரம் இது? அம்மணி, எங்க பையனுக்குக் கொஞ்சம் படம் போட்டுக் கொடுங்களேன். பார்த்துச் செய்யலாம்.

கோபி வயல் | மதியம் 1:30
அம்மணி என்றால் ரேட் குறையாதுங்க மாமா. முதலில் பாதி அட்வான்ஸ்.

ஈரோடு மஞ்சள் | மதியம் 1:33
திருப்பூர்க்காரரிடமே அட்வான்ஸா! 90 நாள் கழித்து செக் வரும், பாருங்கள்.

பனியன் கம்பெனி மாமா | மதியம் 1:41
ஈரோட்டுக்காரர் பேசக் கூடாது. ஜவுளிச் சந்தையில் எங்க சரக்கை எடுத்துப் போய் இன்னும் பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. போடட்டுமா?

மட்டுறுத்துநர் | மதியம் 2:00
ஊர்ச் சண்டை வேண்டாம். வாடகை பற்றிய பதிவுகளும் இனி நீக்கப்படும்.

பீளமேடு பிக்சல் | மதியம் 2:04
சரி, வாடகை பேசவில்லை. கரண்ட் பில்லுக்கு வருகிறேன்.

ஈரோடு மஞ்சள் | மதியம் 2:06
இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அப்படியானால் எல்லா கேமும் தமிழக அரசு முதலீடு. டைட்டிலில் கோபுரச் சின்னம் போடுங்கள்.

பீளமேடு பிக்சல் | மதியம் 2:15
கிண்டல் பண்ணுங்கள். நான் சொல்வது இதுதான், இன்னும் நூறு தடவை கேட்டாலும் சொல்வேன்: சோற்றையும் கூரையையும் யாரோ ஒருத்தர் கட்டியிருக்கிறார். அவரைக் கணக்கில் காட்டாமல் "காசே இல்லாமல் முடித்தேன்" என்று மேடையில் பேசுவது ஃபிராடு. அதைக் கேட்டுவிட்டு, கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிற பையன்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

நொய்யல்கரை | மதியம் 2:32
வேலையை விடு என்று நான் எங்கே சொன்னேன்? பரோனே தியேட்டரில் வேலை பார்த்துக்கொண்டுதான் செய்தார் என்று காலையில் எழுதினது நீங்கள்தானே? தூக்கத்தைக் குறைத்து ராத்திரி செய் என்கிறேன். காசு இல்லையா, ஷேர் பேசு. ஆளுக்குப் பத்து சதவீதம். அப்படித்தான் எங்கள் குழுவில் ஓடுகிறது. ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

கோபி வயல் | மதியம் 2:50
ஷேரா! நல்ல வார்த்தை. எனக்கும் ஒருத்தர் பத்து சதவீதம் என்றார். முழு கிராமத்தையும் வரைந்து கொடுத்தேன், மாட்டுக்கொட்டகை, கிணற்றுமேடு, பனைமரம் உட்பட. கேம் வெளிவரவே இல்லை. பூஜ்யத்தில் பத்து சதவீதம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அதே பனைமரம் பிறகு வேறொருவரின் ஓடிக் குதிக்கிற மொபைல் கேமில் நின்றது.

நொய்யல்கரை | மதியம் 2:58
யாருங்க அது? பொதுவில் சொன்னால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

கோபி வயல் | மதியம் 3:01
சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம்.

நொய்யல்கரை | மதியம் 3:03
எனக்கு என்ன சங்கடம்? தைரியமாகச் சொல்லுங்கள்.

ஈரோடு மஞ்சள் | மதியம் 3:04
அந்தப் பனைமரத்தின் ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கிறதா?